தடுப்பூசி போட்ட பிறகு வரும் அரை மணி நேரம்

கடலூர் மாவட்டத்தில் குழந்தைகள் நலத்தையும் பொதுச் சுகாதாரத்தையும் கவனிக்கும் அதிகாரிகளுக்கு,

அம்மையீர், ஐயா, வணக்கம்.

ஒரு புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு, முன்கூட்டிச் சொல்லாமல், நம் மாவட்டத்தின் ஏதாவதொரு துணை சுகாதார நிலையத்துக்குப் போய் ஓரமாக நின்று பாருங்கள். ஊசி போட்டுக்கொண்ட குழந்தை வீறிட்டு அழுதபடி வெளியே வரும். உடனே வீட்டுக்குக் கிளம்பக் கூடாது. ஒவ்வாமை ஏதும் வருகிறதா என்று பார்க்க அரை மணி நேரம் அங்கேயே இருக்க வேண்டும். வேப்ப மரத்தடியிலோ தாழ்வாரத்துப் பெஞ்சிலோ தாய்மார்கள் வரிசையாக உட்காருவார்கள். முதல் நிமிடம் தோளில் போட்டுத் தட்டிக்கொடுப்பார்கள். இரண்டாம் நிமிடம் பையிலிருந்து செல்போன் வெளியே வரும். பொம்மைப் பாட்டு ஒலிக்கும், அழுகை சட்டென்று நிற்கும். பக்கத்துக் குழந்தைக்கும் அதே பாட்டுதான், அரை நொடி முன்னே பின்னே. சற்று நேரத்தில் தாழ்வாரமே அடங்கிவிடும். உள்ளே ஊசி போடும் செவிலியருக்கு அது வசதி. அவர் ஏன் வேண்டாம் என்று சொல்லப் போகிறார்?

நான் முதுநகரை ஒட்டிய ஒரு மீனவர் குப்பத்தில் அங்கன்வாடிப் பணியாளராகச் சேர்ந்து, பிற்பாடு மேற்பார்வையாளராகி, ஓய்வு பெற்றவள். கைக்குழந்தைக்குச் செல்போன் காட்டாமல் வளர்ப்பதைப் பற்றித் தாய்மார்களிடம் பேச அந்த அரை மணி நேரத்தைப் பயன்படுத்தலாம் என்று சொல்லத்தான் இந்த மடல். ஆறாவது வாரம், பத்தாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாம் மாதம், பதினாறாம் மாதத்துக்குப் பிறகு ஒரு முறை என்று இரண்டு வயதுக்குள் ஒரு தாய் ஐந்து முறை அங்கே வந்து உட்காருகிறாள். ஐந்து அரை மணி நேரம். கூட்டிப் பார்த்தால் இரண்டரை மணி நேரம், நாம் கூப்பிடாமலேயே, பஸ் செலவு கொடுக்காமலேயே, மாலையும் பொன்னாடையும் இல்லாமலேயே நம் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். நாம் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

இப்போது நடக்கும் விழிப்புணர்வு எங்கே நடக்கிறது? பள்ளி வாசலில். எல்.கே.ஜி.யில் சேர்க்க வரும் பெற்றோரைக் கூட்டி உட்கார வைத்து, பிள்ளைக்குச் செல்போன் கொடுக்காதீர்கள் என்று சொல்கிறோம். அந்தப் பிள்ளைக்கு அப்போது நான்கு வயது. செல்போன் அதன் கைக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருக்கும். எந்த நாளில் வந்தது என்றுகூட என்னால் ஏறக்குறையச் சொல்ல முடியும். ஏழாம் மாதம், பருப்புச் சோற்றைக் குழைத்து முதன்முதலாக ஊட்டிய வாரம். குழந்தை நாக்கால் வெளியே தள்ளும். பழக்கமில்லாத உணவைத் தள்ளத்தான் செய்யும், அது அதன் இயல்பு. கிண்ணம் காலியாக வேண்டுமே என்று ஒரு நாள் திரையைக் காட்டுவார்கள். வாய் தானாகத் திறக்கும். அன்றோடு முடிந்தது.

ஊரார் கதை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம், என் வீட்டுக் கதைதான். பணிக்காலம் முழுவதும் ஊருக்குப் புத்தி சொன்ன நானே, ஓய்வு பெற்ற மறு ஆண்டு, திருப்பாதிரிப்புலியூரில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, பேரன் வாய் திறக்கவில்லை என்று செல்போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்தேன். மகள் வேலைக்குப் போய்விட்டிருந்தாள். எனக்கு முட்டி வலி, தூக்கிக்கொண்டு நடந்து ஊட்ட முடியவில்லை. ஒரு வேளைதானே என்றுதான் தொடங்கினேன். ஒன்றரை வயதில் அவன் திரை எரிந்தால் வாயைத் திறப்பான், அணைந்தால் மூடிக்கொள்வான். என்ன சாப்பிடுகிறோம், வயிறு நிறைந்ததா என்பதெல்லாம் அவனுக்குத் தெரியாது. வாயில் வைத்ததை மெல்லாமல் கன்னத்தில் அடக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருப்பான். பேச்சு நாலைந்து சொல்லோடு நின்றிருந்தது. அந்த நாலைந்தில் ஒன்று விளம்பரத்தில் வருவது.

இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் எழுதாவிட்டால், தாய்மார்களைக் குறை சொல்லும் இன்னொரு மடல் என்று இதையும் தள்ளிவிடுவீர்கள். குறை சொல்லும் கூட்டங்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். ஓர் ஊரில் நடந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. மேடையில் ஒருவர் முக்கால் மணி நேரம் செல்போனின் தீமைகளை வாசித்தார். நடுவில் இரண்டு முறை அவருடைய செல்போனே அடித்தது, எடுத்துப் பேசவும் செய்தார். பின்வரிசையில் குழந்தைகள் சிணுங்கின. கூட்டத்துக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாதே என்று தாய்மார்கள் அவர்கள் கையில் செல்போனைக் கொடுத்தார்கள். முடிவில், எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்புகிறோம், வீட்டில் போட்டுப் பாருங்கள் என்று அறிவித்தார்கள். நான் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் முறைத்தார்.

விதி என்னவோ தெளிவாகத்தான் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது: இரண்டு வயது வரை உட்கார்ந்து பார்க்கும் திரை வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம், அதிலும் குறைந்தால் நல்லது. நம் நாட்டுக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. இரண்டு வயதுக்குள் உறவினரோடு எப்போதாவது வீடியோவில் பேசுவதற்கு மட்டும் விலக்குக் கொடுக்கிறது. இந்த விலக்கு நம் மாவட்டத்துக்கு மிகவும் தேவை. பரங்கிப்பேட்டைப் பக்கம் ஒரு தாய் என்னிடம் கேட்டாள்: “அவர் துபாயில் இருக்கிறார் அம்மா. பிள்ளைக்கு அப்பா முகத்தைக் காட்டக் கூடாதா?” தாராளமாகக் காட்டலாம். பிள்ளை சிரித்தால் அந்த முகமும் சிரிக்கும், பிள்ளை தும்மினால் அது என்னவென்று கேட்கும். பொம்மைப் பாட்டு அப்படிக் கேட்பதில்லை.

அமெரிக்காவின் சியாட்டிலில் பட்ரிசியா குல் என்ற ஆய்வாளர் 2003-இல் வெளியிட்ட ஒரு சோதனையை நான் தாய்மார்களிடம் கதையாகச் சொல்வதுண்டு. ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள், ஒன்பது மாதம். அவர்கள் அதுவரை கேட்டிராத சீன மொழியில் ஓர் ஆள் எதிரே உட்கார்ந்து பேசி, படம் காட்டி, பொம்மை வைத்து விளையாடினார். பன்னிரண்டு முறை. அந்தக் குழந்தைகள் சீன மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டார்கள். வேறொரு குழுவுக்கு அதே பேச்சு, அதே பொம்மை, ஆனால் தொலைக்காட்சியில். அவர்கள் ஒன்றும் கற்கவில்லை. கதையை இந்த இடத்தில் நிறுத்தினால் தாய்மார்கள் பேசாமல் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். “அப்போ ஏபிசிடி பாட்டு?” என்று ஒருத்தி கேட்பாள். எல்லா ஊரிலும் ஒருத்தியாவது கேட்பாள்.

இன்னொன்று ஆஸ்திரேலியாவில் செய்தது, 2024-இல் வெளிவந்தது. 220 குடும்பங்களில் சின்னக் குழந்தைகளின் சட்டையில் ஒலிப்பதிவுக் கருவியை வைத்து, வீட்டில் என்ன பேசுகிறார்கள் என்று எண்ணினார்கள். மூன்று வயதுக் குழந்தைகளிடம், திரை ஒரு நிமிடம் கூடினால் பெரியவர் வாயிலிருந்து குழந்தை கேட்கும் சொற்கள் சராசரியாக 6.6 குறைந்திருந்தன. குழந்தை தானாக எழுப்பும் ஒலிகளும் குறைந்திருந்தன. அரை மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால் சுமார் 200 சொல். திரையில் என்ன ஓடுகிறது, நல்ல படமா கெட்ட படமா என்பது இரண்டாவது கேள்வி. அது ஓடும்போது வீட்டில் யாரும் குழந்தையோடு பேசுவதில்லை என்பதுதான் முதல் கேள்வி. எனவே “கொடுக்காதே” என்பதோடு நம் பாடம் முடிய முடியாது. கொடுக்காத அந்த நேரத்தில் என்ன செய்வது என்பதுதான் பாடம். அதைத்தான் நாம் சொல்லித் தருவதே இல்லை.

பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் கொட்டகைகளுக்குப் போயிருப்பீர்கள். தோட்டிலிருந்து வரும் எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும். கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு பெண்கள் உடைப்பார்கள். அந்தக் கையால் குழந்தையைத் தொட முடியாது. கொட்டகை ஓரத்தில் தூளி. தூளிக்கு எதிரே சுவரில் சாய்த்த செல்போன். கிலோ கணக்கில் கூலி வாங்கும் அந்தப் பெண்ணிடம் போய், உலக சுகாதார நிறுவனம் என்று தொடங்க எனக்கு நாக்கு எழவில்லை. அவள் குழந்தையைத் தூக்க மறுக்கவில்லை, தூக்க வழியில்லை. அங்கே இருந்த ஒரு வயதான அம்மாதான் எனக்குப் பாடம் நடத்தினார். முந்திரியை உடைத்துக்கொண்டே தூளியில் கிடக்கும் பேத்தியோடு ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார். “இது சொத்தை, இது நல்லது, இது உன் மூக்கு மாதிரி இருக்குது பார்.” குழந்தை ஒரு ஒலி எழுப்பினால் நிறுத்திவிட்டு, “அப்படியா, யார் சொன்னது?” என்று கேட்பார். கைக்குத்தான் வேலை இருந்தது, வாய் பேசத் தடையில்லை. அதற்குப் பிறகு எந்த ஊருக்குப் போனாலும் நான் இதை மட்டும் சொன்னேன். மீனைச் செதில் சீவும்போதும், மல்லாட்டை உரிக்கும்போதும், பாத்திரம் துலக்கும்போதும் பேசு. பிள்ளைக்குப் புரியவில்லை என்று நினைக்காதே. அது பதில் ஒலி எழுப்பினால் நிறுத்திக் கேள். இதற்குக் காசு வேண்டாம், நேரமும் தனியாக வேண்டாம்.

அரை மணி நேரத்தில் என்ன சொல்வது என்று அச்சடித்த கையேடு போட்டுவிடாதீர்கள். வாசித்துவிடுவார்கள். ஆறாவது வாரத்தில் பச்சை உடம்போடு வருபவளிடம் ஒன்றே ஒன்று போதும்: பால் கொடுக்கும்போது பிள்ளை உன் முகத்தைத்தான் பார்க்கிறது, நீ செல்போனைப் பார்க்காதே. பதினான்காவது வாரத்தில் வருபவளிடம் பிள்ளையைக் குப்புறப் போட்டு, எதிரே அவளையும் குனிய வைத்து, முகத்தை முகம் பார்க்கச் செய்து காட்டினால் போதும். ஏழாம் மாதமே திரை வந்துவிடுகிறது என்றேனே, ஒன்பதாம் மாதம் வரை காத்திருந்தால் காரியம் கெட்டுவிடும்; அதற்கு அங்கன்வாடி இருக்கிறது. ஆறு மாதம் முடிந்ததும் சத்துமாவு வாங்க வருகிறாள் அல்லவா? முதல் பாக்கெட்டைக் கையில் கொடுக்கும் அன்று ஐந்து நிமிடம். துப்பினால் பயப்படாதே, மறுபடி கொடு. தானே கையை விட்டு அளையட்டும், மேலெல்லாம் பூசிக்கொள்ளட்டும். திரையைக் காட்டி ஊட்டாதே. ஐந்தே நிமிடம். என் மகள் வீட்டில் எனக்கு அதை நினைவூட்ட யாராவது இருந்திருந்தால் அந்தச் சொம்பு தண்ணீர் குடிக்க மட்டும் பயன்பட்டிருக்கும்.

பதினாறாம் மாதத்துக்குப் பிறகு வரும் குழந்தைகளுக்குப் பழக்கம் ஏற்கெனவே பிடித்திருக்கும். அங்கே விடுவது எப்படி என்று சொல்ல வேண்டும், அழும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் ஒரேயடியாக நிறுத்தவில்லை. முதலில் இரவுச் சாப்பாட்டுக்கு மட்டும் நிறுத்தினோம். முதல் நாள் அவன் சாப்பிடவே இல்லை, பாலைக் குடித்துவிட்டுத் தேம்பித் தேம்பித் தூங்கினான். என் மகளும் அழுதாள். இரண்டாம் நாள் தட்டைத் தள்ளிவிட்டான். மூன்றாம் நாள் மொட்டை மாடிக்குத் தூக்கிப் போனோம்; திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனுக்குப் பாசஞ்சர் வரும் நேரம். ரயில் ஊதியது. அவன் வாயைப் பிளந்தான், நான் ஒரு வாய் வைத்தேன். அதை மென்றுகொண்டே ரயில் போன திசையைக் கையால் காட்டினான். அடுத்த வாரம் முழுவதும் எங்கள் வீட்டில் ரயில் நேரம்தான் சாப்பாட்டு நேரம். ரயில் தாமதமானால் சோறும் தாமதம். இருட்டில் மொட்டை மாடியில் நின்று நிலாவைக் காட்டி ஊட்டிய நம் பாட்டிகளைப் பற்றி நான் பெருமை பேசப் போவதில்லை. அவர்களுக்கும் வேறு வழி இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்களோ. 2006-இல் அரசே வீட்டுக்கு வீடு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கியபோது நாங்களும் தொடர் பார்த்தவர்கள்தான். ஆனால் அந்தப் பெட்டி சுவரோடு நின்றது, தூளிக்குள் வரவில்லை; ஒரு நிகழ்ச்சி முடிந்தால் அடுத்ததைப் பிள்ளைக்காகத் தானே தேடிப் போட்டுக்கொண்டே போகவும் இல்லை.

ஒரு வேண்டுகோளைச் சற்று அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பயமுறுத்திப் பாடம் நடத்தாதீர்கள். “செல்போன் பார்த்தால் ஆட்டிசம் வரும்” என்று ஒரு பேச்சு ஊர் ஊராகச் சுற்றுகிறது. ஆட்டிசம் பிறப்பிலேயே மூளை வளரும் விதத்தோடு தொடர்புடையது. செல்போனால் வந்தது என்று ஒரு தாயின் தலையில் பழியைப் போடுவது பாவம். அதைவிடக் கெடுதல் இன்னொன்று. பேச்சு வராத குழந்தையின் வீட்டில், செல்போனை நிறுத்தினால் சரியாகிவிடும் என்று சொல்லி ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். ஒரு வயதாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத குழந்தைக்கு முதலில் காது கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். பேரனுக்கும் அதைத்தான் முதலில் செய்தோம். நல்லவேளை, காதில் குறை இல்லை. 2013 முதல் நடக்கும் தேசிய சிறார் நலத் திட்டத்தில் மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை வர வேண்டும். வளர்ச்சியில் தாமதம் இருந்தால் கண்டுபிடித்து மேல் சிகிச்சைக்கு அனுப்புவது அவர்கள் வேலை. அரை மணி நேரப் பேச்சில் இந்த வழியையும் காட்டிவிடுங்கள்.

தந்தையரை எங்கே பிடிப்பது என்று கேட்பீர்கள். தடுப்பூசிக்கு அவர்கள் வருவது அபூர்வம். கடலோரத்தில் எனக்குத் தெரிந்த ஒரு வழி இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். தேவனாம்பட்டினத்திலும் சிங்காரத்தோப்பிலும் சோனாங்குப்பத்திலும் ஆண்கள் கூட்டமாக உட்கார்ந்து வலை சரிசெய்துகொண்டிருப்பார்கள். கை வேலையாக, காது சும்மா. மேடை வேண்டாம், மைக் வேண்டாம். ஓர் அங்கன்வாடிப் பணியாளரோ செவிலியரோ போய் மணலில் உட்கார்ந்து பேசட்டும். முதலில் கேலி செய்வார்கள். செய்யட்டும். ஒருமுறை அப்படிப் போய் உட்கார்ந்தபோது, மூன்று பிள்ளை பெற்ற ஒருவர், “எங்கிட்ட இதையெல்லாம் யாரும் சொன்னதே இல்லையே அக்கா” என்றார். கோபமாகத்தான் சொன்னார்.

கடைசியாக நம் சொந்த வீட்டு விஷயம் இரண்டு. இன்று அங்கன்வாடிப் பணியாளரின் கையில் எப்போதும் செல்போன் இருக்கிறது. வருகை, எடை, உயரம், மாவு கொடுத்த கணக்கு என்று எல்லாவற்றையும் அதில் ஏற்ற வேண்டும்; சிக்னல் கிடைக்காவிட்டால் வாசலில் நின்று கையை உயர்த்திப் பிடிக்க வேண்டும். மூன்று வயதுப் பிள்ளைகள் இருபது பேர் டீச்சர் திரையைத் தடவுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார்கள். பதிவு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகள் மையத்தில் இருக்கும் நேரத்தில் வேண்டாம். அவர்கள் வீட்டுக்குப் போன பிறகு செய்ய அனுமதியுங்கள். “ஏன் இன்னும் ஏற்றவில்லை” என்று பதினோரு மணிக்கு வரும் அழைப்பு நின்றால் போதும். அடுத்தது, மையங்களை மேம்படுத்தும் திட்டத்தில் எல்இடி திரையும் வருகிறது. நாளுக்கு ஒரு மணி நேரம் என்று நாமே தாய்க்குச் சொல்லிவிட்டு, அதில் பாதியை நாமே காலையில் செலவழித்தால் அவள் என்ன நினைப்பாள்? அந்தப் பணத்தில் ஒரு லோடு ஆற்று மணலும் பத்துத் தட்டு முறங்களும் வாங்கிப் போடலாம். மணல் கிடைக்காது என்பீர்கள். அது வேறு மடலில் பேச வேண்டிய விஷயம்.

நான் கேட்பது சிறிது. மாவட்டம் முழுவதும் தொடங்க வேண்டாம். கடற்கரையில் ஒரு துணை சுகாதார நிலையம், முந்திரிக்காட்டில் ஒன்று. ஆறு மாதம், புதன்கிழமைதோறும் அந்த அரை மணி நேரம் மட்டும். செவிலியருக்கு இந்த வேலையைக் கூடுதலாகச் சுமத்த வேண்டாம், அவருக்கு இருப்பதே அதிகம். என்னைப் போல ஓய்வு பெற்ற பணியாளர்கள் ஊருக்கு ஒருவராவது இருக்கிறோம். வீட்டில் பேரன் பேத்திகளுக்குக் கதை சொல்லிச் சலித்துப்போயிருக்கிறோம். என்னிடம் இரண்டு பாயும் ஒரு கூடை மரச்சொப்பும் இருக்கின்றன. கூலி வேண்டாம். தாழ்வாரத்தில் உட்கார அனுமதிக் கடிதம் ஒன்று வேண்டும். அது இல்லாமல் போனால் யார் நீங்கள் என்று கேட்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அங்கன்வாடி மேற்பார்வையாளர் ஒருவர்,
கடலூர் முதுநகர்.